ஜோடி பிஎல்சியை முதன்முதலாக எழுப்பப் போகிறவர்களுக்கு

கமிஷனிங் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கொதிகலன், உர ஆலை, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், சிமெண்ட் சூளை என்று, நின்றால் பெருஞ்சேதம் ஆகும் இடங்களில் ஒரு கண்ட்ரோலருக்குப் பதிலாக இரண்டை வைக்கிறார்கள். ஒன்று ஆலையை ஓட்டும். மற்றது அதே புரோகிராமையும் அதே எண்களையும் வைத்துக்கொண்டு கூடவே வரும். முன்னது விழுந்தால் பின்னது பிடித்துக்கொள்ளும். மாஸ்டர், ஸ்டாண்ட்பை என்று நாம் சொல்வோம்; சில கையேடுகளில் பிரைமரி, செகண்டரி என்றிருக்கும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் சீமென்ஸின் எஸ்7-400எச் ஜோடியை வைத்துத்தான். ராக்வெல்லின் கண்ட்ரோல்லாஜிக்ஸிலும் ஷ்னைடரின் எம்580-இலும் விளக்குகளின் பெயர் மாறும், மெனு மாறும். நீங்கள் செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறாது.

1. ஜோடி பழுதைத் தடுப்பதில்லை. வந்த பழுதை ஆலைக்குத் தெரியாமல் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வேலையைத் தொடங்கும் முன் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ட்ரோலர் செத்தால் ஆலை நிற்கும், எல்லாரும் ஓடி வருவார்கள், அன்றைக்கே சரிசெய்துவிடுவார்கள். ஜோடியில் ஒன்று செத்தால் வெளியே ஒன்றும் நடக்காது. பம்பு ஓடும், வால்வு நகரும், உற்பத்தி நடக்கும். பேனல் கதவைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சிபியு சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு என்றால் 87,600 மணி நேரம். ஒன்று பழுதானதைப் பார்த்து 8 மணி நேரத்தில் மாற்றிவிட்டீர்கள் என்றால், அதற்குள் மற்றதும் போய்விடுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 11,000-இல் ஒன்று. அதே பழுதை யாரும் கவனிக்காமல் ஆறு மாதம் விட்டால் அந்த வாய்ப்பு 20-இல் ஒன்று. கருவியும் விலையும் அதேதான். ஆனால் ஆபத்து 500 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. ஜோடிக்காக ஆலை கொடுத்த பணம் பலன் தருவது, முதல் பழுது எவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதரின் காதுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

2. மின்சாரம் கொடுப்பதற்கு முன் இரண்டு ரேக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். சிபியுவின் ஆர்டர் எண், மெமரி கார்டின் வகை, அதன் அளவு, எந்த ஸ்லாட்டில் எந்த அட்டை, இரண்டு சிபியுவையும் ஃபைபரால் இணைக்கும் சிங்க் மாட்யூலின் வகை என்று எல்லாம். சிங்க் மாட்யூலில் 10 மீட்டர் வரைக்கும் ஒரு வகை, 10 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று கலந்து மாட்டக் கூடாது. ஃபார்ம்வேர் பதிப்பை மட்டும் பிறகு ஆன்லைனில் படித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிபியு புதிதாக வாங்கியது, மற்றது ஸ்டோரிலிருந்து எடுத்தது என்றால் ஆர்டர் எண் ஒன்றாகவே இருந்தும் உள்ளே ஃபார்ம்வேர் வேறாக இருக்கலாம். ஜோடி சேராமல் இரவெல்லாம் அலைக்கழிப்பதற்கு இந்த ஒன்று போதும்.

ரேக் எண்ணைத் தனியாகச் சொல்கிறேன். எஸ்7-400எச் சிபியுவின் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது: 0 அல்லது 1. அட்டையை ரேக்கில் மாட்டி ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மாட்டும்போதே பாருங்கள், பார்த்ததைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எண்ணை மாற்றினால், மின்சாரமும் பேக்கப் பேட்டரியும் இரண்டுமே இல்லாத நிலையிலிருந்து எழும்போதுதான் சிபியு புது எண்ணை ஏற்கும். பேட்டரியைக் கழற்றாமல் பவரை மட்டும் அணைத்துப் போட்டுவிட்டு, ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எம்580-இலும் பின்பக்கம் ஏ, பி என்று திருப்பி வைக்கும் சுவிட்ச் உண்டு. கண்ட்ரோல்லாஜிக்ஸில் அப்படிச் சுவிட்ச் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: ஜோடி ரேக்குக்குள் ஐஓ கார்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, இரண்டு ரேக்கிலும் ஒரே ஸ்லாட்டில் ஒரே அட்டை இருக்க வேண்டும்.

3. இரண்டு ரேக்குக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கையால் தொட்டுத் தொட்டுப் பின்னால் போங்கள். டிராயிங்கில் யூபிஎஸ்-1, யூபிஎஸ்-2 என்று அழகாகப் பிரிந்திருக்கும். பேனலுக்குள் வயர்மேன் அவசரத்தில் இரண்டையும் ஒரே எம்சிபிக்குக் கீழே கொடுத்திருப்பார். அல்லது இரண்டு யூபிஎஸ்ஸும் போய்ச் சேரும் இடம் ஒரே டிஸ்ட்ரிபியூஷன் போர்டாக இருக்கும். ஒரு எம்சிபியை இறக்கிப் பாருங்கள். ஒரு ரேக் மட்டும்தான் இருள வேண்டும்.

ஃபீல்டுக்குப் போகும் 24 வோல்ட்டையும் இதேபோலப் பாருங்கள். இரண்டு பவர் சப்ளையை டையோடு மாட்யூல் வழியாகச் சேர்த்திருப்பார்கள். அதுவும் ஒரு ஜோடிதான். ஒன்று செத்தாலும் 24 வோல்ட் அப்படியே இருக்கும். அந்த டையோடு மாட்யூலில் அலாரம் கான்டாக்ட் என்று ஒன்று இருந்தால், அதை ஒரு டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல பேனல்களில் அந்த டெர்மினல் வயர் இல்லாமல் காலியாக இருக்கும். வயர் போடச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பிள்ளை கேட்கிறதே என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் கேளுங்கள்.

4. இரண்டு சிங்க் ஃபைபரும் ஒரே வழியில் போகக் கூடாது. எஸ்7-400எச்-இல் ஒவ்வொரு சிபியுவுக்கும் இரண்டு சிங்க் மாட்யூல், மொத்தம் நான்கு. நடுவே இரண்டு ஃபைபர் கேபிள். ஐஎஃப்1 மறுபக்க ஐஎஃப்1-க்கும், ஐஎஃப்2 மறுபக்க ஐஎஃப்2-க்கும் போக வேண்டும். இரண்டு கேபிள் எதற்கு என்றால், ஒன்று அறுந்தாலும் ஜோடி பிரியாமல் இருப்பதற்கு. இரண்டையும் ஒரே டிரேயில், ஒரே டையால் கட்டிவைத்தால் அந்த நோக்கமே போய்விடும். ஒரு வெல்டிங் பொறி போதும், ஓர் எலி போதும். இரண்டும் ஒரே கணத்தில் அறுந்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு சிபியுவும் மற்றது செத்துவிட்டது என்று எண்ணித் தானே மாஸ்டராக முயலக்கூடும். ஒரு வால்வுக்கு இரண்டு எஜமான்கள் இருக்கும் நிலை அது. கையேடுகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான்.

கேபிளைப் பிரித்துப் போடச் சொன்னால் கான்ட்ராக்டர் டிரே செலவைக் காட்டுவார். அப்போது நரோராவை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை, முதல் அலகின் டர்பைன் பிளேடுகள் உடைந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. அவசரத்துக்கென்று மாற்று மின்வழிகள் அங்கே இருந்தன. ஆனால் முதல் வழியின் கேபிளும் மாற்று வழியின் கேபிளும் தீத்தடுப்பு இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் போனதால் எல்லாம் சேர்ந்து எரிந்தன. நிலையம் ஏறக்குறைய 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் இருட்டில் கிடந்தது. ஆபரேட்டர்கள் பேட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, கையால் வால்வைத் திறக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் அங்கே எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன.

5. ஃபைபர் முனையின் மூடியை மாட்டும் கணம் வரைக்கும் கழற்றாதீர்கள். கழற்றியதைப் பையில் போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

6. எதை முதலில் எழுப்புவது என்பதை யோசிக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள். இந்த வேலையில் திரும்பப் பெற முடியாத தவறு நடக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

விதி எளிது. முதலில் ஓடத் தொடங்கியது மாஸ்டர். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் எஸ்7-400எச்-இல் ரேக் 0 மாஸ்டர். பின்னால் வந்து சேர்வது ஸ்டாண்ட்பை. அது சேரும்போது மாஸ்டரிடம் இருப்பதெல்லாம் அதன் மீது எழுதப்படும். தன்னிடம் முன்பு என்ன இருந்தது என்று அது கேட்காது, நம்மையும் கேட்காது. கண்ட்ரோல்லாஜிக்ஸிலும் இதேதான்: முதலில் பவர் வந்த ரேக் பிரைமரி, செகண்டரி அதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். புரோகிராமை நீங்கள் பிரைமரிக்கு மட்டும்தான் ஏற்றுகிறீர்கள்.

புது ஆலையில் இரண்டும் காலியாக இருக்கும்போது இதில் ஆபத்து இல்லை. இரண்டு சிபியுவையும் ஸ்டாப்பில் வைத்துப் பவர் கொடுங்கள். இரண்டையும் மெமரி ரீசெட் செய்யுங்கள். ரேக் 0-க்கு ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனையும் புரோகிராமையும் இறக்குங்கள். அதை ரன்னுக்குத் திருப்பி, தனியாக ஓடுகிறதா, இன்புட்டும் அவுட்புட்டும் சரியாக வருகிறதா என்று பார்த்து முடியுங்கள். அதற்குப் பிறகுதான் ரேக் 1-ஐ ரன்னுக்குத் திருப்ப வேண்டும்.

ஆபத்து வருவது ஓடிப் பழகிய ஆலையில். இப்படி எண்ணிப் பாருங்கள். ஸ்டாண்ட்பை எப்போதோ ஸ்டாப்புக்குப் போய்விட்டது, யாரும் பார்க்கவில்லை. மாஸ்டர் தனியாக ஓடிக்கொண்டிருக்க, அந்த மாதங்களில் இன்டர்லாக் மாற்றினார்கள், டியூனிங் மாற்றினார்கள், புது பம்பு ஒன்றைச் சேர்த்தார்கள். எல்லாம் மாஸ்டரில் மட்டும். பிறகு வருடாந்திர ஷட்டவுன். இரண்டு பேனலையும் அணைத்தார்கள். திரும்ப எழுப்பும் நாளில் ஒருவர் கைக்கு எட்டிய பேனலை முதலில் போட்டு, ஸ்டாப்பில் இருந்த சுவிட்சை ரன்னுக்குத் திருப்புகிறார். மாதக்கணக்கில் பழையதான புரோகிராம் மாஸ்டர் ஆகிறது. இரண்டாவது பேனலைப் போட்டதும் புதிய புரோகிராமின் மீது பழையது எழுதப்படுகிறது. பேனலில் எல்லா விளக்கும் பச்சை. ஜோடி மிகச் சரியாகத் தன் வேலையைச் செய்துவிட்டது. பாய்லர் பற்ற வைத்த பிறகுதான், சேர்த்த இன்டர்லாக்கைக் காணோம் என்று தெரியும்.

ஆகவே எந்த ஷட்டவுனிலும் அணைக்கும் முன் மாஸ்டர் எது என்று பேனல் கதவில் சாக்பீஸால் எழுதுங்கள். அணைக்கும் வரிசை: ஸ்டாண்ட்பை முதலில், மாஸ்டர் பிறகு. எழுப்பும் வரிசை: அந்த மாஸ்டர் முதலில். அது ஓடத் தொடங்கியதும் லேப்டாப்பில் இருக்கும் ப்ராஜெக்டோடு ஆன்லைனில் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுதான் என்று தெரிந்த பிறகே மற்றதை விடுங்கள். ஸ்டோரிலிருந்து வந்த மாற்று சிபியுவை ஒருபோதும் உள்ளே இருப்பதோடு எழுப்பாதீர்கள். அது முன்பு எந்த ஆலையில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாப்பில் வைத்து, மெமரி ரீசெட் செய்து, காலியாக்கிய பிறகே சேர விடுங்கள்.

7. ஸ்டாண்ட்பை சேரும்போது பொறுமையாக நில்லுங்கள். லிங்க்-அப், அப்டேட் என்று இரண்டு படி. லிங்க்-அப்பில் இரண்டு சிபியுவும் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் புரோகிராம் நகலாகும். அப்டேட்டில் ஓடிக்கொண்டிருக்கும் எண்கள், டைமர், கவுண்டர், மெமரி பிட் எல்லாம் போகும். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் லாக்புக்கைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்படைக்கும்வரை மற்றவர் நாற்காலியில் உட்கார மாட்டார் அல்லவா, அதைப்போலத்தான். அந்தச் சிறு நேரத்தில் ஸ்கேன் டைம் நீளும், ஸ்காடாவோடு பேசுவது தாமதப்படும், இன்டரப்ட் காத்திருக்கும். ஸ்டெப் 7-இல் இதற்கான கண்காணிப்பு நேரங்களைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வசதி இருக்கிறது. மனம்போன எண்ணைப் போடாமல் அதைப் பயன்படுத்துங்கள். இதனால்தான், ஓடும் ஆலையில் ஸ்டாண்ட்பையைச் சேர்ப்பதென்றால் லோடு ஏறி இறங்கும் நேரத்தில் செய்யக் கூடாது. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லி, ஆலை அமைதியாக ஓடும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்: இரண்டிலும் ரன் விளக்கு சிமிட்டாமல் எரியும், ஒன்றில் மட்டும் எம்எஸ்டிஆர் எரியும், இரண்டிலும் ஆர்இடிஎஃப் அணைந்திருக்கும். ஆர்இடிஎஃப் எரிகிறது என்றால் ஜோடி இன்னும் ஜோடியாகவில்லை. டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்து படியுங்கள், ஊகிக்காதீர்கள்.

8. சிபியு இரண்டானால் மட்டும் போதாது. அதிலிருந்து வால்வு வரைக்கும், ஆபரேட்டர் திரை வரைக்கும் உள்ள பாதையும் இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீல்டு ஐஓவுக்கான இடி 200எம் ரேக்கில், அதை ப்ரொஃபிபஸோடு இணைக்கும் ஐஎம் 153-2 மாட்யூல் இரண்டு இருக்கும். இரண்டுக்கும் ஒரே ப்ரொஃபிபஸ் முகவரி. ஆக்ட் விளக்கு ஒன்றில் மட்டும் எரியும். அந்த ரேக் சாதாரண ரெயிலில் இல்லாமல் ஆக்டிவ் பஸ் மாட்யூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிளின் இரண்டு கடைசி முனையிலும் டெர்மினேஷன் சுவிட்ச் ஆனில், நடுவில் எல்லாம் ஆஃபில்.

கண்ட்ரோல்லாஜிக்ஸிலும் எம்580-இலும் ஐபி முகவரி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிரைமரியின் முகவரி 23-இல் முடிந்தால் செகண்டரி தானாக 24-ஐ எடுத்துக்கொள்ளும். மாறும்போது முகவரியும் மாறிக்கொள்ளும். அந்த 24-ஐ வேறு யாராவது பிரிண்டருக்கோ லேப்டாப்புக்கோ கொடுத்துவிட்டால், ஜோடிக்குத் தேவையான அந்த நாளில் அது கிடைக்காது. நெட்வொர்க் பட்டியலில் இரண்டு எண்ணையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

ஸ்காடா கணினியைப் பாருங்கள். அது ஒரு சிபியுவோடு மட்டும் சாதாரணத் தொடர்பில் பேசுகிறதா? அப்படியானால் அந்த சிபியு செத்த நாளில் ஆலை ஓடும், ஆபரேட்டருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சீமென்ஸில் இதற்குப் பிழை தாங்கும் எஸ்7 தொடர்பு என்று இருக்கிறது. கணினிப் பக்கம் எஸ்7-ரெட்கனெக்ட் மென்பொருள் வேண்டும். உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

9. பழுது நடந்ததும் மனிதருக்குத் தெரிய வேண்டும் என்று முதலில் சொன்னேன். அதைச் செய்வது நீங்கள் எழுதும் புரோகிராம்தான். எஸ்7-400எச்-இல் ஐஓ ஜோடி உடைந்தால் ஓபி 70 ஓடும், சிபியு ஜோடி உடைந்தால் ஓபி 72 ஓடும். இவற்றோடு 80, 82, 83, 85, 86, 121, 122 என்று பிழைக்கான ஓபிக்கள் எல்லாவற்றையும் ஏற்றிவையுங்கள். காலியாக இருந்தாலும் இருக்கட்டும். சில ஓபி இல்லாவிட்டால் ஒரு சின்ன மாட்யூல் பழுதுக்கே சிபியு ஸ்டாப்புக்குப் போய்விடும். ஆனால் 70-ஐயும் 72-ஐயும் காலியாக விடாதீர்கள். அங்கே ஒரு பிட்டை ஏற்றி, ஸ்காடாவில் உயர் முன்னுரிமை அலாரமாகக் கொண்டுவாருங்கள். "பிஎல்சி டயக்னாஸ்டிக்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள். "ஸ்டாண்ட்பை சிபியு இல்லை. ஆலை ஒற்றை சிபியுவில் ஓடுகிறது. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவை அழைக்கவும்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ஆபரேட்டர் ஒப்புக்கொண்டு அழுத்தினாலும் ஜோடி திரும்பும்வரை அது திரையை விட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் மீண்டும் ஒலிக்கட்டும். ஸ்டாண்ட்பை இல்லாத அலாரம் பழகிப்போன ஆலைகள் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் இடம் கொடுக்காதீர்கள்.

10. கொன்று பாருங்கள். ஆலை சூடாவதற்கு முன், நீங்களே, உங்கள் கையால். விளக்கு பச்சையாக இருப்பது ஜோடி வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி ஆகாது. மோட்டார்களை எம்சிசியில் டெஸ்ட் பொசிஷனில் வைத்து, பெர்மிட் வாங்கி, ஆபரேஷன் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

சோதனைக்கு முன் புரோகிராமில் ஒரு சின்ன வேலை செய்துவையுங்கள். ஒரு எண் சீராக ஏறிக்கொண்டே போகும்படி எழுதி, அதை ஸ்காடா ட்ரெண்டில் போடுங்கள். ஒரு அனலாக் அவுட்புட்டில் மில்லிஆம்ப் மீட்டரை மாட்டுங்கள். சிபியு மாறும்போது ஏறும் கோட்டில் படி விழுகிறதா, பூஜ்யத்துக்குப் போய்த் தொடங்குகிறதா என்று ட்ரெண்ட் காட்டும். வால்வுக்குப் போகும் மின்னோட்டம் துள்ளுகிறதா என்று மீட்டர் காட்டும்.

பிறகு ஒன்றொன்றாகச் செய்யுங்கள். மாஸ்டர் ரேக்கின் பவரை அணையுங்கள். திரும்பக் கொண்டுவந்து ஜோடி சேர்ந்தபின், மாஸ்டரின் சுவிட்சை ஸ்டாப்புக்குத் திருப்புங்கள். ஒரு சிங்க் ஃபைபரைக் கழற்றுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது. ஒரு ஐஎம்மின் ப்ரொஃபிபஸ் கனெக்டரை உருவுங்கள். யூபிஎஸ்-1-ஐ முழுதாக இறக்குங்கள். ஒரு நெட்வொர்க் சுவிட்சின் பவரைப் பிடுங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி: ஃபீல்டில் ஏதாவது துள்ளியதா? ஆபரேட்டர் திரை எவ்வளவு நேரம் உறைந்தது? சரியான அலாரம் சரியான சொற்களில் வந்ததா? மாறும் நேரத்தைக் கையேட்டிலிருந்து எடுத்து எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். உங்கள் புரோகிராமின் அளவும் ஐஓவின் எண்ணிக்கையும் சேர்ந்துதான் அந்த நேரத்தை முடிவு செய்கின்றன.

நேரம் இல்லை, கிளையன்ட் அவசரப்படுகிறார், ஒரே ஒரு சோதனையோடு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று உங்கள் மேலாளரே சொல்லலாம். பணிவாக மறுத்துவிடுங்கள். குளிர்ந்த ஆலையில் அரை நாளில் முடியும் சோதனைக்கு, சூடான ஆலையில் யாரும் அனுமதி தர மாட்டார்கள். இப்போது விட்டால் அடுத்த ஷட்டவுன் வரைக்கும் விட்டதுதான்.

11. விழுவதைச் சோதிக்கிறவர்கள் பலர். எழுவதைச் சோதிக்கிறவர்கள் குறைவு. செத்த ரேக்கைத் திரும்பச் சேர்க்கும் வேலையை ஆலையின் பராமரிப்பு ஆளைக் கொண்டு செய்ய வையுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். உதிரி சிபியுவை ஸ்டோரிலிருந்து எடுப்பது, ரேக் எண் வைப்பது, மெமரி ரீசெட், சேர்ப்பது, ஆர்இடிஎஃப் அணைவதைப் பார்ப்பது எல்லாம் அவர் கையாலேயே நடக்கட்டும். இரவு ஷிஃப்டில் உங்களுக்குப் போன் எடுக்காது.

12. ஒரே புரோகிராம் இரண்டிலும் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். வன்பொருள் பழுதிலிருந்து ஜோடி காப்பாற்றும். உங்கள் புரோகிராமில் இருக்கும் பிழையிலிருந்து காப்பாற்றாது. மாஸ்டரை வீழ்த்திய அதே வரி ஸ்டாண்ட்பையிலும் காத்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் இப்படித்தான் முடிந்தது. திசையறியும் கணினி அதில் இரண்டு இருந்தன, இரண்டிலும் ஏரியான் 4-க்காக எழுதிய அதே மென்பொருள். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், எண் கொள்ளாமல் வழிந்தது. முதலில் நின்றது மாற்றுக் கணினி. 72 மில்லிநொடி கழித்து, அதே காரணத்தால், ஓட்டிக்கொண்டிருந்ததும் நின்றது. ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் வானில் சிதறியது.

நம் வேலையில் இதன் பொருள்: வகுக்கும் இடத்தில் கீழே பூஜ்யம் வரக்கூடுமா என்று பாருங்கள். அரேயின் எண் எல்லை தாண்டுமா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் அறுந்து எண் விபரீதமாகப் போனால் ஸ்கேலிங் என்ன தரும் என்று, எண்ணைத் திணித்துப் பாருங்கள். ஜோடி ஆலையில் இவற்றை ஒற்றை ஆலையைவிடக் கவனமாகச் செய்ய வேண்டும். இரண்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் எல்லாரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

13. லெவல் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே ஒன்று என்றால், அது பொய் சொல்லும்போது இரண்டு சிபியுவும் அந்தப் பொய்யை ஒற்றுமையாக நம்பும். முக்கியமான இடத்தில் மூன்று டிரான்ஸ்மிட்டர் வைத்து நடு எண்ணை எடுப்பது இதற்காகத்தான். இன்னொன்று: ஓடிக்கொண்டே இருப்பதற்கான ஜோடி வேறு, பாதுகாப்பாக நிறுத்துவதற்கான அமைப்பு வேறு. ஜோடி இருக்கிறது என்பதற்காக, பர்னர் ட்ரிப்பையும் எமர்ஜென்சி ஸ்டாப்பையும் சாதாரண எச் சிபியுவுக்குள் கொண்டுவரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு ஐஇசி 61511 வழியில் மதிப்பிட்ட தனிப் பாதுகாப்பு அமைப்பு வேண்டும்.

14. ஒப்படைக்கும் நாளில் ஒரு பக்க அட்டை ஒன்றை லேமினேட் செய்து இரண்டு பேனல் கதவின் உட்புறமும் ஒட்டுங்கள். நல்ல நிலையில் எந்த விளக்கு எரிய வேண்டும், எது எரியக் கூடாது. அணைக்கும் வரிசை, எழுப்பும் வரிசை. உதிரி சிபியு ஸ்டோரில் எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் ஃபார்ம்வேர் பதிப்பு என்ன. ப்ராஜெக்ட் நகல் எங்கே, அதன் கடைசித் தேதி என்ன. பேட்டரி மாற்றிய மாதம். தமிழ்நாட்டு ஆலை என்றால் தமிழில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கப்போவது ஷிஃப்ட் டெக்னீஷியன். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டம் போட்டு, மாஸ்டரை அணைத்து ஸ்டாண்ட்பை பிடிக்கிறதா என்று கடைசியாகச் சோதித்த தேதியையும் சோதித்தவர் பெயரையும் பேனாவால் எழுத இடம் விடுங்கள். முதல் வரியை நீங்கள் நிரப்புங்கள். அடுத்த வரியை அடுத்த ஷட்டவுனில் அவர்கள் நிரப்புவார்களா என்று, ஒரு வருடம் கழித்துப் போன் செய்து கேளுங்கள்.